தூங்கினவளுக்கு எப்படி ஞாபகம் வரும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3 ஆகஸ்ட் 2025

மாரிச்செல்வி,

நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் தெரியாதவளைப் போலப் போனாய்.

ஆடிப்பூரத் தேரன்று, கீழ ரத வீதியில், வளையல் கடைக்கு முன்னால். உன் அம்மா முன்னால் போனாள், நீ பின்னால் வந்தாய். "ஏட்டி செல்வி" என்று கூப்பிட்டேன். நின்றாய். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் நடந்துவிட்டாய். என் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "விடுட்டி. பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ள. இனிமே நம்மகிட்டல்லாம் பேசுமா" என்றாள். அவள் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. அதுதான் எனக்குக் கோபம்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்பில் உனக்கு மார்க் அதிகம். ராஜபாளையத்துத் தனியார் பள்ளியிலிருந்து காரில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் இங்கே அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டு படிக்கிறேன். அதற்காக உன்மேல் நான் பொறாமைப்பட்டதே இல்லை என்று எழுத நினைத்தேன். பட்டிருக்கிறேன். ஆனால் உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமளவுக்கு இல்லை.

உன் ஹாஸ்டலில் போன் கிடையாது. ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருப்பவளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. உன் வகுப்பில் படிக்கிற ஷீனா தினமும் எங்கள் தெருவிலிருந்துதான் பள்ளி வேனில் வருகிறாள். அவள் டிபன் பையில் இதை வைத்துக் கொண்டுவருவாள். என்னோடு பேச இஷ்டமில்லை என்றால் எழுதி அனுப்பு. தெருவில் வைத்துக் காட்டாதே.

பாண்டீஸ்வரி


ராஜபாளையம்
7 ஆகஸ்ட் 2025

பாண்டி,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். நான் உன்னைப் பார்க்கவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் தேரையே பார்க்கவில்லை. பார்த்ததாக, ஹாஸ்டல் கேட்டில் விடும்போது அம்மா சொன்னாள். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டேனாம். பெட்டியில் பச்சைக் கண்ணாடி வளையல் இருக்கிறது. கடைக்காரி என் கையைப் பிடித்து அளவு பார்த்துத்தான் போட்டிருப்பாள். எனக்கு அது ஞாபகம் இல்லை. காலையில் அப்பா லோடு ஆட்டோவில் வந்து கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஹாஸ்டல் கேட்டுதான். நடுவில் ஒன்றுமே இல்லை.

இதை யாரிடமும் சொல்லிவிடாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் ரொம்பப் பயந்துவிடுவார்.

இங்கே படிக்கிற முறையைச் சொன்னால் உனக்குப் புரியும். ராத்திரி ஸ்டடி ஹாலில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். அதற்கு ஜோடி என்று பெயர். என் ஜோடி மாரிக்கனி. ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளை, சிரித்தால் ஹால் முழுக்கக் கேட்கும். அவள் கண் மூடினால் நான் கிள்ள வேண்டும், நான் மூடினால் அவள் கிள்ளுவாள். கிள்ளாமல் விட்டுவிட்டால் இரண்டு பேரும் நிற்க வேண்டும். ஜோடி வரவில்லை என்றால் மற்றவள் ஹால் முடிகிறவரை நின்றுகொண்டே படிக்க வேண்டும். ஸ்டடி பார்க்கிற சமுத்திரம் சார் யாரையும் அடித்ததில்லை. பிரம்பே வைத்திருக்க மாட்டார். எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மாரிக்கனியின் முழங்கைக்கு மேலே முழுக்க என் நகம்தான்.

படுக்கப் போகும்போது பால் வண்டிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் எழுப்பிவிட்டது போல இருக்கும்.

அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் ராத்திரி படித்தது காலையில் இல்லை. பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன், ஓரத்தில் என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தை முதல் தடவை பார்ப்பதுபோல இருக்கிறது. வேறு யாரோ என் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் இப்போது இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருகிறேன்.

செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
10 ஆகஸ்ட் 2025

செல்வி,

என் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்திருப்பது அதைவிட மோசமாக இருக்கிறது.

என் அம்மாவுக்கு வலதுகைச் சுட்டுவிரலில் நகம் இல்லாததை நீ பார்த்திருக்கிறாய். மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து, ஆள் வரவில்லை என்று அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திவைத்த அன்று போனது. எப்படி ஆனது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "கண்ணத் தொறந்துக்கிட்டுத்தாம்ட்டி நின்னேன். ஆனா நான் அங்க இல்ல" என்பாள். நீ தேரடியில் நின்றது அப்படித்தான். மில்லிலாவது ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதுகிறது.

அம்மாவின் போனில் டாக்டர்கள் பேசுவதைத் தேடித் தேடிக் கேட்டேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பகலில் படிப்பதெல்லாம் மூளையில் தற்காலிகமாகத்தான் தங்குகிறது. தூங்கும்போது மூளை அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நிரந்தரமாக இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. தூங்காவிட்டால் படித்ததும் தங்காது, மறுநாள் புதிதாகப் படிப்பதும் உள்ளே ஏறாது. நீ பகலெல்லாம் மெஷினில் பஞ்சைப் போடுகிறாய். அது நூலாவது தூக்கத்தில். நீ நூற்கவே விடாமல் பஞ்சைத் திணித்துக்கொண்டே இருக்கிறாய்.

போனில் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம் என்று நானும் செய்து பார்த்தேன். தாவரப் பாடம் ஒன்றைச் சாயங்காலம் படித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அதே மாதிரி இன்னொரு பாடத்தை விடிய விடிய உட்கார்ந்து படித்தேன். முதல் பாடம் இன்றைக்கும் சொல்லுவேன். இரண்டாவதில் தலைப்பும் ஒரு படமும்தான் வருகிறது.

நீ தூங்கியே ஆக வேண்டும். அங்கே தூங்க விடுகிற ஒரே இடம் சிக் ரூம்தான் என்று ஷீனா சொன்னாள். அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் ஏறும் என்று எட்டாம் வகுப்பில் நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பையில் பெரிய வெங்காயம் ஒன்று வருகிறது. டிபனோடு சேர்த்துத் தின்றுவிடாதே.

பாண்டி


ராஜபாளையம்
24 ஆகஸ்ட் 2025

பாண்டி,

வெங்காயம் மானத்தை வாங்கிவிட்டது. வார்டன் அம்மா தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னாலேயே மூக்கைச் சுளித்தார். "என்னட்டி இது, ஒம்மேல ஓட்டல் வாட அடிக்கி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கால் மடங்கிவிட்டது. கண் விழித்தபோது சிக் ரூமில் கிடந்தேன். அதை மட்டும் நான் நடிக்கவில்லை.

தூங்கினேன். பெல் அடித்தது தெரியாது, விடிந்தது தெரியாது. எழுந்ததும் பசித்தது. பசி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நேராகக் கெமிஸ்ட்ரி டெஸ்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கேள்வித்தாளைத் திறந்தேன். எனக்கு வந்தது, பாண்டி. எல்லாம் இல்லை. ஆனால் அந்த வாரம் படித்தது நிறைய, பக்கத்தோடு, அடிக்கோட்டோடு வந்தது. வகுப்பில் முதல் மார்க்.

மறுநாள் சமுத்திரம் சார் கூப்பிட்டார். "சிக் ரூம்ல படுத்துக் கெடந்த பிள்ள. எப்பிடிம்மா எழுதுன?" என்று கேட்டார்.

"தூங்கினேன் சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். தூங்கினவளுக்கு எப்படி ஞாபகம் வரும்? பிட்டு எங்க?"

அவர் கத்தவில்லை, கிண்டலும் இல்லை. புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வார்டன் அம்மா என் சடையை அவிழ்த்துப் பார்த்தார். சிக் ரூம் மெத்தையைப் புரட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நான் கெட்டிக்காரத் திருடி என்று முடிவாகிவிட்டது. மார்க்கை அடித்துவிட்டார்கள்.

போகட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தைப் படித்தது நான்தான்.

செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
31 ஆகஸ்ட் 2025

செல்வி,

தூங்கினவளுக்கு எப்படி ஞாபகம் வரும் என்று கேட்கிற ஆளிடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை விட்டிருக்கிறார்கள். பள்ளி வாசலில் போன வருஷம் மார்க் எடுத்தவர்களின் போட்டோவைப் பெரிதாக வைத்திருக்கிறார்களே, அதில் ஒருத்தியின் கண்ணையாவது பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன். போட்டோக்காரனே கண்ணுக்குக் கீழே வெள்ளையடித்திருக்கிறான்.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் மறுபடியும் படு. பிட்டு என்று சொன்னால் சொல்லட்டும். பரீட்சையை நடு ஹாலில் அவர் கண் முன்னால் எழுது. நான் சொல்வதைக் கேள். கேட்காவிட்டால் நேரே உன் அப்பாவிடம் போவேன்.

பாண்டி


ராஜபாளையம்
21 செப்டம்பர் 2025

பாண்டீஸ்வரி,

நீ படு என்றாய். நான் படுத்தேன். வயிற்றுவலி என்று சொன்னேன், இந்தத் தடவை நம்பினார்கள். அங்கே நான் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் மாரிக்கனிக்கு ஜோடி இல்லை. முன்னாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன், ஜோடி இல்லாதவள் நிற்க வேண்டும் என்று. நீயும் அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஹால் முடிந்து படி இறங்கும்போது விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த பிள்ளைகள் சொன்னார்கள், கால் தடுக்கவில்லை, வழுக்கவில்லை. படி இருக்கிற இடத்தில் தரை இருக்கிறதுபோல நடந்தாளாம். கீழே வந்து விழுகிறவரை கையை ஊன்றவே இல்லையாம். தொடை எலும்பு முறிந்துவிட்டது. செருப்பு வழுக்கிவிட்டது என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் செருப்பு ஹாலுக்கு வெளியே அப்படியே இருக்கிறது.

அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "தூங்கிட்டியாட்டி?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. நல்லா தூங்கினாயா என்று அக்கறையாகக் கேட்டாளா, குத்திக் கேட்டாளா என்று தெரியவில்லை. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காலாண்டு நன்றாக எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. இனி எனக்குத் தூக்கம் வேண்டாம். நீயும் எழுத வேண்டாம்.

மாரிச்செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 அக்டோபர் 2025

செல்வி,

எழுதுவேன். நீ கிழித்துப் போடு.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். உன்னை மட்டும் தப்பிக்கச் சொன்னேன். அங்கே ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி நிற்கும்படி கட்டிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் மாரிக்கனியைத் தள்ளியது நீ இல்லை. நானும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்தேன். காலில் கட்டு. தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "வந்ததுலருந்து இப்பிடித்தான் கெடக்கா. எழுப்புனா சாப்பிடுதா, பொறவும் தூங்குதா. எம்புட்டுத் தூக்கம் பாக்கி வச்சிருந்தாளோ" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாரிக்கனியின் கை எழுந்து அவள் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக் கிள்ளியது. அவள் கண் திறக்கவில்லை. அவள் அம்மா கையை இழுக்கவும் இல்லை. பழகியிருக்கிறது. விழித்த பிறகு உன்னைத்தான் கேட்டாள். "செல்விய நான் திட்டலன்னு சொல்லு. அவ நல்லா தூங்குனாளான்னுதான் கேட்டேன்" என்றாள். உனக்கு வேண்டிய பதில் இது. வைத்துக்கொள்.

சொன்னபடி உன் அப்பாவிடமும் போனேன். ஆட்டோவில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சேக்கும்போதே நான் சார்கிட்ட சொல்லிட்டுத்தாம்மா வந்தேன். கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க, பிள்ள டாக்டராகணும்னு. அவிய அம்புட்டுப் பொறுப்பாப் பாக்காவ" என்றார். எல்லா அப்பாவும் எல்லா வாத்தியாரிடமும் சொல்வதுதான். என்னைச் சேர்க்கும்போது என் அம்மாவும் சொன்னாள். உன் பள்ளியில் கண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா. வீட்டுக்கு வருகிறேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

பாண்டி


ராஜபாளையம்
7 ஆகஸ்ட்

பாண்டி,

நலமா. நான் நலம். படிப்பு நன்றாகப் போகிறது.

சார் என்னை முதல் வரிசையில் தனியாக உட்கார வைத்திருக்கிறார். ஹால் முடிந்த பிறகும் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மாரிக்கனி பக்கத்தில்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் பேசுவதில்லை, சிரிப்பதும் இல்லை, அதனால் படிக்க வசதியாக இருக்கிறது. நான் கண் மூடினால் கிள்ளுகிறாள். முன்பைவிட நன்றாகக் கிள்ளுகிறாள். அவள் கண் மூடுவதே இல்லை. நான் அவளைக் கிள்ளவே வேண்டியதில்லை.

அம்மா தேருக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறாள். அங்கே உன்னைப் பார்க்கிறேன். நீ வளையல் கடைக்குப் பக்கத்தில் நில், நான் கூப்பிடுகிறேன்.

படிப்பு நன்றாகப் போகிறது. மாரிக்கனி பக்கத்தில்தான் இருக்கிறாள்.

செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 நவம்பர் 2025

செல்வி,

நேற்று நீ எழுதிக் கொடுத்ததாக ஷீனா கொண்டுவந்தாள். தேதி ஆகஸ்ட் என்று போட்டிருக்கிறாய். இது நவம்பர். தேர் ஓடி முடிந்து, தீபாவளியும் போய்விட்டது. தீபாவளிக்கு நீ வரவில்லை. ஸ்பெஷல் ஸ்டடி என்று உன்னை மட்டும் நிறுத்திவைத்ததாகச் சொன்னார்கள். மாரிக்கனி ஆலங்குளத்தில் இருக்கிறாள். முந்தாநாள் அவளோடு போனில் பேசினேன். உன் பக்கத்தில் யாரும் இல்லை.

உன் இரண்டு கையிலும் புதிதாக நகத்தடம் இருக்கிறது என்று ஷீனா சொல்கிறாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அப்பா வாசித்துவிட்டு, "நல்லாத்தான எழுதிருக்கா. படிப்பு நல்லாப் போகுதுன்னு ரெண்டு தடவ எழுதிருக்காளே" என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. உன் அம்மா வாங்கிப் பார்த்தாள். "அந்தப் பிள்ள காலு ஒடிஞ்சு ஊருக்குல்ல போயிருக்கு" என்றாள்.

உன் அம்மா உன்னைக் கூட்டிவரத் தயார். உன் அப்பாதான் தடுக்கிறார். "அவ ஒரு வார்த்த சொல்லாம நாம போயிக் கூட்டிட்டு வந்துட்டா, நாளைக்கு 'எம் படிப்ப நீங்கதான் கெடுத்தீங்க'ன்னு கேப்பா. அவ சொல்லட்டும், இந்தா இப்பமே வண்டிய எடுக்கேன்" என்கிறார். அவர் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறார், செல்வி. நீ டாக்டராகிவிட்டதைப் போலப் பயப்படுகிறார். பள்ளிக் கேட்டுக்கு நானே வந்தேன். பெற்றவர்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டார்.

அதனால் நீதான் எழுத வேண்டும். "அம்மா, எனக்குத் தூங்க வேண்டும். வந்து கூட்டிப்போ." இவ்வளவு போதும். ஷீனாவிடம் நாளைக்கே கொடு.

பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 நவம்பர் 2025

செல்வி,

பை காலியாக வந்தது.

கடிதத்தை வாங்கினாயாம். வாசித்தாயாம். மடித்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "இது ஒனக்கா எனக்கா?" என்று அங்கே பார்த்துக் கேட்டாயாம். ஷீனா இதைச் சொல்லிவிட்டுப் பையை என் மடியில் போட்டாள். இனி பை கொண்டுபோக மாட்டேன் என்றாள். கெஞ்சி இந்த ஒரு தடவைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. வந்தால் யாரோ படி இறங்குகிறார்கள்.

உன் அம்மா காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறாள். உன் அப்பா லோடு ஏற்றப் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார், "சொன்னாளாம்மா?" என்று. இல்லை என்றால் உள்ளே போகிறார், திரும்ப வந்து கேட்கிறார். நான் பொய் சொல்லிவிடுவேன். சொன்னாள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவர் அங்கே வந்து உன்னைக் கேட்பார், சமுத்திரம் சாரும் பக்கத்தில் நின்று கேட்பார், அப்போது நீ படிப்பு நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உன்னைக் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

ஷீனா இந்தத் தாளை உன் கண் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் பார்க்காதே. அவளைப் பார். எழுத வரவில்லை என்றால் எழுத வேண்டாம். அம்மாவும் அப்பாவும் வந்து உன்னைக் கூட்டிப்போகட்டுமா என்று அவள் கேட்பாள். தலையை மட்டும் ஆட்டு.

ஆட்டு, செல்வி.